ஆறு செமஸ்டரும் ஒரே தாளில்

எங்கள் கல்லூரியில் ஒரு பட்டப்படிப்பின் பாடத்திட்டம் நிறைவேறுவதற்குள் அதைப் பலர் பார்த்துவிடுகிறார்கள். துறைத் தலைவர் பார்க்கிறார், துறை ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூடும்போது வெளிக் கல்லூரிகளிலிருந்து பாட வல்லுநர்கள் வருகிறார்கள், துணைவேந்தர் நியமித்தவர் ஒருவர் வருகிறார், தொழில்துறை சார்பில் ஒருவர், பழைய மாணவர் ஒருவர். அது கடந்தால் கல்லூரியின் கல்விக் குழுவான அகாடமிக் கவுன்சில். இத்தனை பேர் பார்த்தும் ஒரு காரியம் மட்டும் நடப்பதில்லை. ஒரு பிள்ளை மூன்று வருடத்தில் படிக்கப்போகும் அத்தனை பாடத்தையும் முதல் செமஸ்டரிலிருந்து ஆறாவது வரை வரிசையாக எடுத்து வைத்து, இதையெல்லாம் படித்து முடிக்கிறவளுக்கு என்ன தெரிந்திருக்கும், என்ன தெரியாமல் போயிருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. பகுதி ஒன்றைத் தமிழ்த் துறை பார்க்கும். பகுதி இரண்டை ஆங்கிலத் துறை. பகுதி மூன்றை, பிள்ளை பட்டத்துக்கு எடுத்த பாடத்தின் துறையான மேஜர் துறை. பகுதி நான்கில் வரும் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் பாடம், பிற துறைப் பாடம் எல்லாம் ஆளுக்கொன்றாகப் பிரிந்து கிடக்கும். மொத்தம் 140 கிரெடிட்டையும் சேர்த்துச் சுமப்பது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

நான் வரலாறு நடத்துகிறவன். குமரி மாவட்டத்தில், பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்து வரும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணம் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பலாமா வேண்டாமா என்ற பேச்சு இங்கே என் பெற்றோர் காலத்திலேயே முடிந்துவிட்டது. ரப்பர் பால் வெட்டப் போகிறவரின் மகள் வருகிறாள், முந்திரி ஆலையில் பருப்பு தோலுரிக்கும் அம்மாவின் மகள் வருகிறாள், தூத்தூர்ப் பக்கத்திலிருந்து கடல் தொழில் செய்கிறவர்களின் பிள்ளைகள் வருகிறார்கள். டிகிரி முடித்த கையோடு அவர்களில் பாதிப் பேர் நாகர்கோவிலில் ஏதாவது ஒரு கோச்சிங் சென்டரில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறார்கள். மூன்று வருடம் எங்களிடம் இருந்த பிள்ளை, சதவீதக் கணக்கும் ஒரு பத்தி எழுதுவதும் கற்றுக்கொள்ள மறுபடி பணம் கட்டி ஓரிடத்தில் போய் உட்காருகிறாள் என்றால், அந்த மூன்று வருடத்தை வகுத்தவர்கள் நாங்கள் யோசிக்க வேண்டாமா?

மணி நேரம் யாருடையது

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பாடத்திட்டக் கூட்டம் என்றால் அறிவைப் பற்றிய விவாதம் நடக்கும் இடம் என்று தோன்றும். உள்ளே பேச்சு பெரும்பாலும் மணி நேரத்தைப் பற்றித்தான். வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு 30 மணி நேரம். அதில் முதல் நான்கு செமஸ்டரில் தமிழுக்கு ஆறு, ஆங்கிலத்துக்கு ஆறு போய்விடும். மீதி 18-ல் மேஜர் பேப்பர்கள், அதற்குத் துணைப் பாடமான அலைடு, பகுதி நான்கு எல்லாம் இடித்துக்கொண்டு நிற்கும். உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு வாரம் 16 மணி நேர வேலைப்பளு இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதி. ஒரு துறையில் இரண்டு மணி நேரம் குறைந்தால் அது காகிதத்தில் இரண்டு மணி நேரம். நான்கு வகுப்பில் இரண்டிரண்டு மணி நேரம் குறைந்தால் அரை ஆள். ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் போவதற்கு அது போதும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பேப்பரை விட்டுக்கொடுக்க மறுத்துத் துறைத் தலைவர் ஒருவர் குரலை உயர்த்தும்போது, அவர் பக்கத்தில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் பாஸ் பண்ணி, பிஎச்.டி. முடித்து, வருடா வருடம் ஜூன் மாதம் வேலை உண்டா என்று காத்திருக்கும் ஆள் அவர். அந்த இரண்டு மணி நேரம் அவருடைய சம்பளம். அதற்காகச் சண்டை போடுகிற தலைவர் நல்லவர். ஆனால் சண்டை முழுவதும் அங்கேயே நடந்து முடிந்துவிடுவதால், பிள்ளைக்கு எது வேண்டும் என்ற கேள்வி அஜெண்டாவில் வரவே வருவதில்லை.

2008 வாக்கில் நம் பல்கலைக்கழகங்களில் விருப்பத் தேர்வு முறை வந்தபோது இது மாறும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். இயற்பியல் படிக்கிறவள் வரலாற்றில் ஒரு பேப்பர் எடுக்கலாம், வணிகவியல் மாணவன் இலக்கியத்தில் ஒன்று எடுக்கலாம் என்பதுதான் நான்-மேஜர் எலெக்டிவ் என்பதன் நோக்கம். நடைமுறையில் பல இடங்களில், வகுப்பறை எது காலி, எந்த ஆசிரியருக்கு மணி நேரம் போதவில்லை என்று பார்த்து, "உங்க கிளாசுக்கு இதுதான்" என்று மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். பிள்ளை கையில் வருவது ஒரு படிவம். அதில் அவள் தேர்ந்தெடுத்ததாகக் கையெழுத்துப் போடுகிறாள்.

தூரத்திலிருந்து வந்த பாடத்திட்டம்

பாடத்திட்டம் வகுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கலியுகத்தின் 14,49,087-ஆம் நாளில், அதாவது கி.பி. 866-ல், அங்கே ஒரு விஷ்ணு கோயிலையும் அதோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் தங்கிப் படிக்கும் இடம். காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடத்தை மாதிரியாக வைத்து அமைத்தது. முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் கொடுத்து, மாற்றாக வாங்கிய இடம் அது. அதைப் பற்றிய செப்பேட்டைப் படித்தால் ஒரு கல்லூரியின் கையேட்டைப் படிப்பது போலவே இருக்கும். மொத்தம் 95 இடங்கள். வேதப் பிரிவு வாரியாக அவற்றை 45, 36, 14 என்று பிரித்திருக்கிறார்கள். சேருகிறவனுக்கு இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். மாணவர்கள் ஒருவரையொருவர் வைதால் என்ன, ஆயுதத்தால் தாக்கினால் என்ன தண்டம் என்பதும் அதில் உண்டு.

இந்தச் செப்பேட்டை வகுப்பில் சொல்லும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்வேன். ஒன்று, 1100 வருடத்துக்கு முன்னால் பாடத்திட்டம் எழுதியவர்களுக்குத் தாங்கள் எப்படிப்பட்ட ஆளை உருவாக்கப் போகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. சடங்கும் தெரிய வேண்டும், அரசு காரியமும் தெரிய வேண்டும். இரண்டு, என் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் அநேகமாக யாருடைய முன்னோரும் அந்த 95-ல் ஓர் இடத்துக்கு ஆசைப்பட்டிருக்கவே முடியாது. அந்தக் கதவு திறக்க வெகுகாலம் ஆனது. 1809-ல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கியதும், 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரிமாரின் மனைவிமார் பெண் பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்ததும், பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக 1859 வரை நீண்ட தோள்சீலைப் போராட்டமும் எல்லாம் அந்தக் கதையில் சேரும். அந்த லேஸ் பின்னலை நான் விசேஷமாகச் சொல்வதுண்டு. கைத்திறனும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் இங்கே 200 வருடமாக இருக்கிறது. திறன் பாடம் வந்தால் கலைப் படிப்பு கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

கல்லூரிப் படிப்பு என்று வந்த பிறகோ, பாடத்திட்டம் எப்போதும் தூரத்திலிருந்துதான் வந்தது. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் உருவானபோது அது திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு சென்னையிலிருந்து. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கிருந்து. 1990-லிருந்து திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அந்தப் பெயருக்குரிய சுந்தரம் பிள்ளையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். தமிழ்த்தாய் வாழ்த்தாக நாம் பாடுவது அவர் எழுதியது. அதே மனிதர் பழைய கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, வேணாட்டு அரசர்களின் வரிசையையும் காலத்தையும் சரிபார்த்து எழுதினார். தத்துவ வாத்தியார் கல்வெட்டு படிக்கப் போனபோது, இது உன் துறை இல்லையே என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. தேரூர்க் கவிமணியும் அப்படித்தான். பள்ளி வாத்தியார், கவிஞர், காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்தும் எழுதியவர். அவர்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அவர்களைப் போல ஒரு பிள்ளை துறை தாண்டி நடப்பதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கத் தயங்குகிறோம்.

தன்னாட்சி கிடைத்ததும் பாடத்திட்டம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வந்த பாடத்திட்டத்தில் ஊர் இருந்ததா? சுற்றுச்சூழல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவைத் தொடர்ந்து எல்லாப் பட்டப்படிப்பிலும் கட்டாயமான பாடம். நன்னீர்ச் சூழல் என்று ஒரு யூனிட் அதில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் சுசீந்திரம் குளத்தைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரீட்சைக்கு மட்டும் பிள்ளைகள் எழுதுவது, பாடப் புத்தகத்தில் படமாக இருக்கும், எந்த ஊரிலும் இல்லாத ஒரு குளத்தைப் பற்றி.

அந்தத் தாள்

இதெல்லாம் வெறும் முணுமுணுப்பாகவே இருந்திருக்கும். ஒரு மத்தியானம் நடந்த காரியம்தான் அதை மாற்றியது. பொதுப் பாடத்திட்டம், அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன், புதிய திறன் பாடங்கள் என்று 2022-க்கு அப்புறம் அடுத்தடுத்து மாற்றம் வந்த நேரம். எந்தப் பேப்பர் எங்கே போயிற்று என்று எனக்கே குழப்பம். நூலகத்தில் இருந்த இரண்டு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஒருத்தி இயற்பியல், அருமனைப் பக்கம். ஒருவன் ஆங்கில இலக்கியம், கடற்கரைக் கிராமம். ஆளுக்கு ஒரு பெரிய சார்ட் பேப்பரை மேஜையில் விரித்துக் கொடுத்து, "மக்களே, முதல் செமஸ்டர்ல இருந்து நீங்க படிச்ச எல்லா பேப்பரையும் இதுல எழுதுங்க. பேரை மட்டும் எழுதாண்டாம், அதுல நீங்க என்ன செஞ்சீங்கன்னும் எழுதுங்க" என்றேன்.

பெயர் எழுதுவது சீக்கிரம் முடிந்தது. என்ன செய்தீர்கள் என்ற இடத்தில்தான் இரண்டு பேரும் நின்றார்கள். இயற்பியல் பிள்ளை செய்முறைகளை எழுதினாள்: ஸ்பெக்ட்ரோமீட்டர், பாலம், ஊசல். அது முழுக்க அவள் கையால் செய்தது, சந்தேகமில்லாமல் எழுதினாள். மொழிப் பாடங்களுக்கு வந்தபோது பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு செமஸ்டர், வாரத்துக்கு 12 மணி நேரம் தமிழும் ஆங்கிலமும். கட்டுரைகள் எழுதியிருக்கிறாள், எல்லாம் நோட்டிலிருந்து. கடைசியில் நேராகச் சொன்னாள்: "சார், நானா யோசிச்சு ஒரு பக்கம் எழுதினது ஒண்ணும் இல்ல. எழுதச் சொல்லவும் இல்ல."

ஆங்கில இலக்கிய மாணவனின் தாளில் வேறொரு ஓட்டை. அவன் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவன். அதன் பிறகு ஐந்து வருடப் படிப்பில் ஓர் அட்டவணையைப் படித்து அதிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டிய தேவை ஓரிடத்தில்கூட அவனுக்கு வரவில்லை. கம்யூனிகேஷன் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஆங்கிலப் பாடத்தில் ஒருமுறை, திறன் பாடத்தில் ஒருமுறை, நான் முதல்வனில் ஒருமுறை, மேஜரிலேயே வேறு பெயரில் ஒருமுறை. நேர்முகத் தேர்வில் எப்படிக் கை குலுக்க வேண்டும் என்பதை நான்கு தடவை படித்திருக்கிறான். அவனே அந்த நான்கு கட்டத்தையும் ஒரே நிற ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிக் காட்டினான். ஒவ்வொரு பேப்பரையும் தனித்தனியாக எடுத்தால் எதிலும் குற்றம் சொல்ல முடியாது. நான்கையும் தனித்தனி போர்டுகள் நல்லெண்ணத்தோடு பாஸ் பண்ணியிருக்கின்றன. பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அந்த நான்கு மேஜையில் எதற்கும் தெரியாது.

அந்த இரண்டு தாளையும் என் அறையில் ஒட்டினேன். அறிவியல் படித்தவளுக்குச் சொந்தமாக எழுதத் தெரியாது, கலை படித்தவனுக்கு எண்ணைக் கண்டால் பயம். இரண்டு பேரும் முதல் வகுப்பில் தேறுகிறவர்கள். கூட்டங்களில் எப்போதும் எழும் கேள்வி, "இந்தப் பேப்பர் டி.என்.பி.எஸ்.சி.க்கு உதவுமா?" என்பது. நியாயமான கேள்விதான், நான் அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 25 திறனறிவுக் கணக்கு. கலைப் பிரிவுப் பிள்ளைகள் சறுக்குவது அந்த 25-ல். மேலே குரூப் 2, குரூப் 1 என்று போனால் சொந்தமாக விரித்து எழுத வேண்டும். அறிவியல் பிள்ளைகள் அங்கே திணறுகிறார்கள். கோச்சிங் சென்டர் விற்பது எங்கள் தாளில் காலியாகக் கிடந்த கட்டங்களைத்தான் என்று அன்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

அம்மச்சி வாசித்த ஆதாரம்

அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு பிற துறைப் பாடத்தை எழுதினேன். வாரம் இரண்டு மணி நேரம். எழுத்தும் எண்ணும் இரண்டும் அதில் வர வேண்டும், இரண்டும் பிள்ளையின் ஊரிலிருந்தே வர வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரு பழைய காகிதம், பஞ்சாயத்தின் ஒரு வரவு செலவு, சென்சஸில் தன் ஊருக்கான ஒரு பக்கம். மூன்றையும் படிக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் தானாக எழுத வேண்டும். அவ்வளவுதான். போர்டில் இதை வைத்தபோது முதல் கேள்வி, 75 மார்க்குக்கு வினாத்தாள் எப்படி எடுப்பது என்பது. ஏ பகுதி, பி பகுதி, சி பகுதி என்று பிரிக்க முடியாத ஒரு பாடம் இருக்கலாம் என்பதே பலருக்கு ஒப்பவில்லை. "இதுக்குப் பதிலா டேலி குடுக்கலாமே" என்றார் ஒருவர். வெளியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் அந்த சார்ட் பேப்பரை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்புறம், "இத மாதிரி எங்க காலேஜ்லயும் ஒண்ணு போட்டுப் பாக்கணும்" என்றார். பாடம் நிறைவேறியது, வெளித் தேர்வு இல்லாமல் முழுக்க அகமதிப்பீடாக.

வகுப்பில் நடந்ததில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வணிகவியல் படிக்கும் ஒரு பிள்ளை வீட்டு ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, பிரதி எடுத்துக் கொண்டுவந்தாள். விளவங்கோடு தாலுகா. திருவிதாங்கூர் சங்கு முத்திரை போட்ட பத்திரம், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து பின்னால் தாள் ஒட்டியிருந்தது. முழுக்க மலையாளம். வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெட்டியில் இருக்கிறது, அதை வைத்து வங்கிக் கடன்கூட வாங்கியிருக்கிறார்கள், அப்பாவுக்கோ அவளுக்கோ ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அம்மச்சிக்குத் தெரியும். இணைப்புக்கு முன்னால் மலையாளப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவர். திண்ணையில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி அவர் வாசிக்க, பேத்தி போனில் பதிவு செய்துகொண்டு வந்து வகுப்பில் போட்டாள். நடுவில் கோழி கூவுகிறது, யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். "இஞ்ச கொல்லம் ஆயிரத்து நூத்தி எட்டுன்னாக்கும் போட்டிருக்கு. மீன மாசம். வடக்கு எல்லை தோடு. தோடெங்க இப்ப? உங்க மாமன் மண்ணு போட்டு நெரத்திட்டாம்லா" என்று அம்மச்சி சொன்னதும் வகுப்பு சிரித்தது. தோடு என்றால் ஓடை, நிரத்துவது என்றால் மண் போட்டு மூடிச் சமப்படுத்துவது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு 1108-ல் மீனம் என்றால், கி.பி. ஆண்டு கிடைக்க 825 கூட்ட வேண்டும், 1933 மார்ச் அல்லது ஏப்ரல். கொல்லம் ஆண்டு தொடங்கும் சிங்க மாதத்திலிருந்து டிசம்பர் வரைக்கும் என்றால் 824 கூட்ட வேண்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று கணிதத் துறைப் பையன் ஒருவன் பலகையில் போட்டுக் காட்டினான். அடுத்தது தொகை. ரூபாயும் பணமும் சக்கரமுமாக எழுதியிருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அப்படியானால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. ஒன்று, பத்து, நூறு என்று போகாத ஒரு கணக்கைக் கூட்டிக் கழிக்க வேண்டியிருந்தது. கணக்கென்றால் ஒதுங்குகிற ஆங்கில இலக்கியப் பிள்ளைகள் அன்று மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தங்கள் வீட்டுக் காகிதத்தில் இருக்கும் தொகை சரியா என்று பார்க்கிற கணக்குக்கு யாரும் உற்சாகமூட்ட வேண்டியிருக்கவில்லை.

அவள் எழுதிய இரண்டு பக்கத்தை நான் திருத்தவே இல்லை. வடக்கு எல்லையில் இருந்த தோடு எப்போது இல்லாமல் போயிற்று என்று பக்கத்து வீடுகளில் விசாரித்து எழுதியிருந்தாள். ஆதாரத்தில் சென்ட் கணக்கில் போட்டிருந்த நிலம் பாகம் பிரிந்து பிரிந்து இப்போது அப்பா பங்குக்கு எவ்வளவு என்று ஓர் அட்டவணை. தோட்டை நிரத்தியதால் மழைக்காலத்தில் எந்த வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது என்று கடைசிப் பத்தி. சுற்றுச்சூழல் பாடத்தில் அவள் 80 மார்க்குக்கு மேல் வாங்கியவள்தான். அந்தப் பத்தியைப் படித்த பிறகு அந்த மார்க்கை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தூத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகின் செலவு நோட்டைக் கொண்டுவந்தான். டீசல், ஐஸ், ரேஷன், அதெல்லாம் கழிந்து மீதியில் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு. சிறு வயதிலிருந்தே அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். கல்லூரியில் அதைக் கேட்டதற்காக அவன் ஆச்சரியப்பட்டது எனக்கு வருத்தமாக இருந்தது.

இனி கேட்கப்போவது

எல்லா வகுப்பும் இப்படி நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிரதி எடுத்து வந்து, யாரோ எழுதியதைப் பார்த்து எழுதிய பிள்ளைகளும் உண்டு. வீட்டில் ஒரு காகிதமும் இல்லாத பிள்ளைகள் உண்டு. நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் ஆதாரம் கொண்டுவா என்பது எவ்வளவு சங்கடம் என்பதால், ரேஷன் கார்டோ, அம்மாவின் ஆலைக் கூலிச் சீட்டோ, வைத்தியச் சீட்டோ எதுவானாலும் சரி என்று பாடத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். 60 பேர் வகுப்பில் ஒவ்வொருவர் எழுத்தையும் படித்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுத வைப்பதற்கு இரண்டு மணி நேரம் போதாது. அந்த வேலை வேலைப்பளுக் கணக்கில் எங்கேயும் ஏறாது. இதை நடத்துகிற ஆசிரியர் அதைத் தன் இரவுகளில் செய்கிறார். இந்தப் பாடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

அதனால் அடுத்த கூட்டத்தில் நான் புதிய பேப்பர் எதுவும் கேட்கப் போவதில்லை. எந்தத் துறையின் பாடத்திட்டமாக இருந்தாலும், நிறைவேற்றக் கொண்டுவரும்போது அந்தப் பட்டத்தின் ஆறு செமஸ்டரையும் ஒரே தாளில், எல்லாப் பகுதியும் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை கையால் என்ன செய்வாள் என்ற ஒரு வரியோடு மேஜையில் வைக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். அந்தத் தாளைத் துறைத் தலைவர் எழுதக் கூடாது, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எழுத வேண்டும். நான்கு இடத்தில் வரும் கம்யூனிகேஷனை இரண்டாகக் குறைத்தால் மிச்சமாகும் மணி நேரத்தை எந்தத் துறையும் இழக்க வேண்டாம், அதே ஆசிரியர் அதே மணி நேரத்தில் எழுத்தும் எண்ணும் நடத்தட்டும் என்பது என் யோசனை. தொகுப்பூதியத்தில் இருக்கும் அந்தத் தங்கச்சியிடம் முதலில் இதைப் பேசினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், திருத்துற நேரத்தையும் வொர்க்லோட்ல சேக்கச் சொல்வீங்களா?" சொல்வேன் என்றேன். கூட்டம் நடக்கும் தேதிக்கு முன்னால் மற்ற துறைத் தலைவர்கள் ஒவ்வொருவரையும் போய்ப் பார்க்க வேண்டும். வணிகவியலில் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.